மரபணு மதகு திறக்கும் வரை

தலசீமியா நோயுள்ள குழந்தைகளை இரத்தம் ஏற்ற அழைத்துவரும் பெற்றோர், கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளாக எங்களிடம் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்கின்றனர். "மரபணுவையே திருத்தும் சிகிச்சை வந்துவிட்டதாமே, இனி இரத்தம் ஏற்ற வேண்டியதில்லையா?" என்பதே அக்கேள்வி. குமாரபாளையத்தில் தறி ஓட்டுபவரும், சங்ககிரியிலிருந்து லாரி எடுத்துச் சென்று மாதத்தில் பாதி நாளை வெளியூரில் கழிப்பவரும், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்ப்பவரும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூலியை விட்டுவிட்டுக் குழந்தையுடன் இங்கு வந்து அமர்கின்றனர். அவர்கள் இப்படிக் கேட்பதில் வியப்பில்லை. செய்தியும் பொய்யன்று. ஆனால் கைப்பேசியில் வரும் காணொளிகள் பாதியைச் சொல்லி நிறுத்திவிடுகின்றன. மீதியைச் சொல்வது எங்கள் கடமை.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தச் சிகிச்சை உண்மையானது. ஒருநாள் நம் பகுதிக்கும் வரும் என்றே நம்புகிறோம். அதற்காகக் காத்திருப்பதாகச் சொல்லி இன்றைய மாத்திரையை நிறுத்துவதும், நிலத்தை விற்க முனைவதும் தவறு. அந்தச் சிகிச்சைக்கு வழிகாட்டிய அறிவை இன்றே பயன்படுத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. குடும்பத்தில் மற்றவர்களின் இரத்தத்தை ஒருமுறை பரிசோதிப்பதே அது.

இதை விளக்க ஹீமோகுளோபினிலிருந்து தொடங்க வேண்டும். இரத்தச் சிவப்பணுவில் உயிர்வளியைச் சுமக்கும் இப்புரதம் நான்கு சங்கிலிகளால் ஆனது. இரண்டு ஆல்பா சங்கிலிகள் என்றும் மாறுவதில்லை. மற்ற இரண்டும் வயதுக்கேற்ப மாறுகின்றன. கருவில் இருக்கும்போது அவை காமா சங்கிலிகள். பிறந்த பிறகு அவற்றின் இடத்தைப் பீட்டா சங்கிலிகள் பிடிக்கின்றன. பிறந்த குழந்தையின் ஹீமோகுளோபினில் பெரும்பகுதி இந்தக் கருக்கால வகையே. ஓராண்டுக்குள் அது மிகச் சிறிய அளவாகக் குறைந்துவிடும்.

பீட்டா தலசீமியாவில் பழுது இருப்பது பீட்டா மரபணுவில். ஆகவே காமா வேலை செய்யும் வரை குழந்தைக்கு எந்தக் குறையும் தெரியாது. எடை சரியாக இருக்கும், பால் நன்றாகக் குடிக்கும். ஆறு மாதம் நெருங்கும்போதுதான் வெளுப்பு, சோர்வு, வயிறு உப்புதல் ஆகியவை தொடங்கும். சோறூட்டும் காலமும் தடுப்பூசிகள் போடும் காலமும் அதுவே. அதனால் "கோயிலில் சோறூட்டிவிட்டு வந்ததிலிருந்து", "ஊசி போட்டதிலிருந்து", "யாரோ கண் வைத்ததிலிருந்து" என்று குடும்பத்தினர் காரணம் தேடுகின்றனர். பல வீடுகளில் பழி தாயின் மீதும் அவளுடைய பாலின் மீதும் விழுகிறது. உண்மையில் அந்த மாதங்களில் நடப்பது எல்லாக் குழந்தைகளுக்கும் நடக்கும் ஒரு மாற்றமே. பழைய வகை நிற்கிறது, புதிய வகை தொடங்குகிறது. இந்தக் குழந்தைக்குப் புதியது தொடங்கவில்லை.

மேட்டூர் அணையின் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களின் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஒரு வயலுக்கு இரண்டு வாய்க்கால்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று பழையது, மற்றது புதியது. புதிய வாய்க்காலில் தண்ணீர் விடும் நாளில் பழைய வாய்க்காலின் மதகை மூடிவிடுவது வழக்கம். புதிய வாய்க்கால் எங்கோ உடைந்திருந்தால் அதில் தண்ணீர் வராது. பழைய வாய்க்காலில் தண்ணீர் இருந்தும் மதகு மூடியிருக்கும். வயல் காயும். தலசீமியா என்பது இதுதான். குழந்தையின் உடலில் காமா மரபணு பழுதின்றி இருக்கிறது. அது மூடப்பட்டிருக்கிறது, அவ்வளவே. உடைந்த வாய்க்காலைச் சரிசெய்ய முடியாவிட்டாலும் மூடிய மதகைத் திறக்க முடியுமா என்பதே ஆராய்ச்சியாளர்களின் கேள்வியாக இருந்தது. மதகை மூடுபவர் யார் என்று தெரிந்தால்தானே அவரைத் தடுக்க முடியும்?

மரபணுக்களைத் திறப்பதும் மூடுவதும் சில புரதங்களின் வேலை. மரபணுவிலுள்ள செய்தி படியெடுக்கப்பட்டால்தான் புரதம் உருவாகும். எந்தச் செய்தியை எந்த உறுப்பில், எந்த வயதில், எவ்வளவு படியெடுக்க வேண்டும் என்பதை இப்புரதங்கள் தீர்மானிப்பதால் இவற்றைப் படியெடுத்தல் காரணிகள் என்பர். இவை தனித்தனியாக அல்லாமல் குடும்பங்களாக உள்ளன. அவற்றுள் ஒன்று கே.எல்.எஃப். குடும்பம். பழ ஈயின் ஒரு மரபணுவுக்கு ஜெர்மானிய மொழியில் முடம் என்று பொருள்படும் குருப்பெல் என்னும் பெயர் இடப்பட்டிருந்தது; அது பழுதானால் புழுவின் உடலில் நடுக்கண்டங்கள் இல்லாமல் போகும். அந்த ஈயின் புரதத்தைப் போன்ற அமைப்புடையவை என்பதால் மனித உடலின் இப்புரதங்களுக்கும் அப்பெயர் வந்தது. மனிதரில் இக்குடும்பத்துக்கு 17-க்குக் குறையாத உறுப்பினர்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு துத்தநாக அணுவைப் பற்றிக்கொண்டு மடிந்த மூன்று நீட்சிகள் இருக்கின்றன. இவற்றைத் துத்தநாக விரல்கள் என்பர். இவ்விரல்களால் அவை டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட எழுத்துகளைத் தடவிக் கண்டுபிடித்துப் பற்றுகின்றன. (இதைப் படித்துவிட்டுத் துத்தநாக மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். அம்மாத்திரை இவ்விரல்களை வலுப்படுத்தாது. வேறு காரணத்துக்காக உங்கள் மருத்துவர் தருவது வேறு.)

ஒரே வகை விரல்கள் இருந்தாலும் பணி வேறு வேறு. இரண்டாம் எண் உறுப்பினர் இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் காக்கிறது. நான்காம் எண் உறுப்பினர், முதிர்ந்த செல்லைக் குருத்தணுவாக மாற்ற ஜப்பானிய அறிவியலாளர் யமனாக்கா 2006-இல் பயன்படுத்திய நான்கு காரணிகளில் ஒன்று. நம் கதைக்கு வேண்டியது 1993-இல் கண்டறியப்பட்ட முதல் எண் உறுப்பினர், கே.எல்.எஃப்.1. அதன் வேலை பெரும்பாலும் சிவப்பணுக்களை உருவாக்கும் செல்களில். பீட்டா மரபணுவின் வாயிலில் அதற்கென ஒரு பிடிமானம் இருக்கிறது. அந்தப் பிடிமானத்தில் ஓர் எழுத்து மாறினாலே இலேசான தலசீமியா வருவதை மருத்துவம் அறிந்திருக்கிறது. பாசன உவமையில் சொன்னால், கே.எல்.எஃப்.1 ஒரு மேற்பார்வையாளர். புதிய வாய்க்காலின் மதகைத் தன் கையாலேயே திறக்கிறார். பழைய மதகை மூடி வைக்க ஒரு லஸ்கரையும் அமர்த்துகிறார். அந்த லஸ்கரின் பெயர் பி.சி.எல்.11ஏ. இது வேறு குடும்பத்தைச் சேர்ந்த புரதம். ஆனால் இதற்கும் துத்தநாக விரல்கள் உண்டு. காமாவை மூடுவதில் இதற்குப் பங்கு உண்டு என்பது 2007, 2008 ஆண்டுகளில் தெளிவாயிற்று.

இவ்விருவருக்கும் உள்ள தொடர்பு மால்டா தீவின் ஒரு குடும்பத்தால் தெரியவந்தது. அக்குடும்பத்தின் 27 பேரை ஆராய்ந்தபோது, 10 பேருக்கு வளர்ந்த பிறகும் கருக்கால ஹீமோகுளோபின் குறையாமல் இருந்தது. அவர்களுக்குக் கே.எல்.எஃப்.1 மரபணுவின் இரண்டு படிகளில் ஒன்று பழுதாகியிருந்தது. மேற்பார்வையாளர் பாதி நேரமே பணிக்கு வந்தார், லஸ்கர் சோர்ந்தார், பழைய மதகு சற்றே திறந்திருந்தது. 2010-இல் வெளியான ஆய்வு இது. மதகு திறந்திருந்தால் தீங்கில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் இரண்டு படிகளுமே கடுமையாகப் பழுதானால் குழந்தை கருவிலேயே இரத்தசோகைக்கு ஆளாகலாம். ஆகவே மேற்பார்வையாளரை வேலையை விட்டு நீக்குவது சிகிச்சை ஆகாது.

கருக்கால ஹீமோகுளோபின் நன்மை செய்யும் என்னும் எண்ணம் இதைவிடப் பழையது. பச்சிளங்குழந்தைகளின் இரத்தத்தில் அரிவாள் வடிவ அணுக்கள் குறைவாக இருப்பதை நியூயார்க்கின் ஜேனட் வாட்சன் என்னும் குழந்தை மருத்துவர் 1948-இல் எடுத்துச்சொன்னார். 1952-இல் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே லெஹ்மன், கட்புஷ் என்னும் இருவர் அரிவாள் செல்லைக் கண்டறிந்தனர். இந்தியாவில் அந்நோய் முதலில் பதிவான இடங்களில் நீலகிரியும் ஒன்று. இந்திய வகை அரிவாள் செல் நோயுள்ளோர் பலருக்கு, ஆப்பிரிக்க வகையினரைவிடக் கருக்கால ஹீமோகுளோபின் கூடுதல். நோயின் கடுமை குறைவதற்கு அது ஒரு காரணம். இன்று அரிவாள் செல் நோய்க்கு நாங்கள் கொடுக்கும் ஹைட்ராக்சியூரியா மாத்திரையும் இதே மதகைச் சற்று நெகிழ்த்தும் மருந்துதான். தலசீமியாவில் அதன் பயன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

காணொளிகளில் பேசப்படும் புதிய சிகிச்சை லஸ்கரைக் குறிவைக்கிறது. பி.சி.எல்.11ஏ மூளையிலும் நோயெதிர்ப்பு அணுக்களிலும் தேவைப்படுவதால் அதை முழுவதும் அழிக்க முடியாது. எனவே சிவப்பணு வரிசையில் மட்டும் அதை இயக்கும் ஒரு சிறு பகுதியை வெட்டிவிடுகின்றனர். காஸ்ஜெவி என்னும் பெயரில் இச்சிகிச்சைக்குப் பிரிட்டன் 2023 நவம்பரில் அனுமதி அளித்தது. அமெரிக்கா அதே ஆண்டு டிசம்பரில் அரிவாள் செல் நோய்க்கும், 2024 ஜனவரியில் தலசீமியாவுக்கும் அனுமதித்தது. வெளியான ஆய்வில், போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 35 தலசீமியா நோயாளிகளில் 32 பேருக்கு ஓராண்டோ அதற்கு மேலோ இரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை. இதை நாங்கள் மகிழ்ச்சியுடனேயே எழுதுகிறோம்.

ஆனால் இது ஓர் ஊசி அன்று. நோயாளியின் குருத்தணுக்களைச் சேகரித்து, ஆய்வகத்தில் திருத்தி, பிறகு வலிய கீமோ மருந்தால் எலும்பு மஜ்ஜையை வெறுமையாக்கி, அந்த இடத்தில் அவற்றைச் செலுத்துகின்றனர். பல வாரங்கள் மருத்துவமனையில் தனியறையில் இருக்க வேண்டும். அந்தக் கீமோ மருந்தால் பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம். அமெரிக்காவில் அறிவித்த விலை 22 இலட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 18 கோடி ரூபாய். "எவ்வளவு ஆகும், தோட்டத்தை விற்றாவது பார்க்கிறோம்" என்று சொல்பவர்களிடம் இந்த எண்ணைச் சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. சொல்லாமல் இருப்பது அதைவிடக் கொடியது.

நம் மாநிலத்திலும் வேலை நடக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள குருத்தணு ஆராய்ச்சி மையத்தினர் 2022-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். காமா மரபணுவின் வாயிலில் எழுத்துகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, எந்த மாற்றம் மதகைத் திறக்கிறது என்று அவர்கள் தேடினர். ஓரிடத்தில் ஓர் எழுத்தை மாற்றியபோது அங்கே கே.எல்.எஃப்.1 பற்றிக்கொள்ளப் புதிய பிடிமானம் உருவாயிற்று. புதிய வாய்க்காலைத் திறக்கும் அதே மேற்பார்வையாளர் பழைய மதகையும் திறக்கலானார். லஸ்கரை விரட்டாமல், மேற்பார்வையாளரின் கைக்கு எட்டும்படி பழைய மதகுக்கு ஒரு கைப்பிடி வைத்தது போன்றது இது. இதுவரை ஆய்வகச் செல்களில் கண்ட உண்மையே. நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தாக இன்னும் ஆகவில்லை. எனினும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகும் வழி ஒன்று பிறக்குமானால், அது இத்தகைய உள்நாட்டு ஆய்வுகளிலிருந்தே பிறக்கும் என்பது எங்கள் எண்ணம்.

அதுவரை என்ன செய்வது? புதிய சிகிச்சை வரப்போகிறது என்று கேள்விப்பட்டபின் இரும்பு அகற்றும் மாத்திரையைத் தளர்த்திவிடும் குடும்பங்களைக் காண்கிறோம். எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்வது இதுவே. ஏற்றும் ஒவ்வொரு இரத்தப் பையிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள் செல்கிறது. உடல் தானாக வெளியேற்றுவது நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம். மீதி கல்லீரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் படிகிறது. குழந்தைக்கு வலியோ காய்ச்சலோ இராது. அதனால் ஒரு மாதம் மாத்திரை விட்டால் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றும். எலும்பு மஜ்ஜை மாற்று எப்படி முடியும் என்பதை முன்கூட்டிக் கணிக்க இத்தாலியின் பெசாரோ மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் மூன்றே கேள்விகளைக் கேட்கிறது. கல்லீரல் பெருத்திருக்கிறதா? அதில் தழும்பு விழுந்திருக்கிறதா? இரும்பு அகற்றும் சிகிச்சை ஒழுங்காக நடந்ததா? நாளை வரும் எந்த மரபணுச் சிகிச்சையும் இதே உடலின் மீதே நடக்கும். மதகு திறக்கும் நாளில் வயல் உவர்ந்து கிடந்தால் தண்ணீரால் என்ன பயன்?

எலும்பு மஜ்ஜை மாற்று இன்றே கைக்கெட்டும் சிகிச்சை. வேலூரில் அது 1986 முதல் நடக்கிறது. உடன்பிறந்தவர் ஒருவரின் திசு பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. கோல் இந்தியா நிறுவனத்தின் உதவியுடன் 2017-இல் தொடங்கிய தலசீமியா பால் சேவா திட்டம், தகுதியுள்ள குழந்தைகளின் மாற்றுச் சிகிச்சைக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரை தருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் இடம்பெற்றுள்ளது; அதற்கான சான்றிதழை எங்கள் சமூகப்பணிப் பிரிவில் கேட்டு விண்ணப்பிக்கலாம். இவற்றையெல்லாம் காணொளி சொல்வதில்லை.

இனி உறவினர்களின் பரிசோதனைக்கு வருவோம். பீட்டா மரபணுவின் இரண்டு படிகளில் ஒன்று மட்டும் பழுதானவரைத் தலசீமியா மைனர் என்கிறோம். அவர் நோயாளி அல்லர். தறி ஓட்டலாம், லாரி ஓட்டலாம், குழந்தை பெறலாம். இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் இப்படி இருப்பதாகத் தேசிய சுகாதார இயக்கத்தின் 2016 வழிகாட்டி கூறுகிறது. ஆண்டுதோறும் 10,000 முதல் 15,000 குழந்தைகள் முழுநோயுடன் பிறப்பதாகவும் அது மதிப்பிடுகிறது. தந்தை, தாய் இருவரும் மைனராக இருந்தால்தான் குழந்தைக்கு முழுநோய் வரக்கூடும். தாயை மட்டும் குறை சொல்பவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். ஒவ்வொரு கருவிலும் அந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கு வராது என்பது கணக்கன்று. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

மைனராக இருப்பவரின் ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாகவும், சிவப்பணு சிறிதாகவும் இருக்கும். அதைப் பார்த்து இரும்புச்சத்துக் குறைவு என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் இரும்பு டானிக் குடித்தவர்கள் நம் பகுதியில் ஏராளம். இரும்புக் குறைவு உண்மையிலேயே பரவலாக இருப்பதால் அந்த ஐயம் இயல்பானதே. ஆனால் இரும்பு கொடுத்தும் அணுவின் அளவு மாறாவிட்டால் ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை செய்ய வேண்டும். அதில் ஏ2 என்னும் வகை மூன்றரை விழுக்காட்டுக்கு மேலிருந்தால் மைனர் என அறியலாம். சிலருக்கு அந்த எண் எல்லைக்கோட்டில் நிற்கும். இரும்புக் குறைவு அதைக் கீழே இழுக்கக்கூடும். மேலே நாம் கண்ட கே.எல்.எஃப்.1 மரபணுவின் மாற்றமும் ஏ2 அளவை எல்லைக்கோட்டுக்கு உயர்த்தக்கூடும். எல்லைக்கோட்டில் நிற்கும் அறிக்கையை 'நார்மல்' என்று கையில் கொடுத்தனுப்பக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். அவர்களுக்கு மரபணுப் பரிசோதனை தேவை. குறிப்பாக வாழ்க்கைத்துணை மைனராக இருக்கும்போது.

தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தம் விட்டுப்போகாமல் முடிப்பது நம் வழக்கம். அதை ஒழிக்க வேண்டும் என்று நாங்கள் எழுதப்போவதில்லை. எழுதினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு நோய் இருந்தால், அதே பழுது தந்தை வழிப் பங்காளிகளிடமும் தாய் வழி மாமன் மச்சான்களிடமும் இருக்க வாய்ப்பு மிகுதி. அந்த இரு வழியும் மீண்டும் கலக்கும் முன் பரிசோதிப்பதே அறிவுடைமை. சைப்ரஸ் தீவில் திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்று கேட்கும் பழக்கத்தைத் தேவாலயமே ஏற்றுக்கொண்டது. அங்கே முழுநோயுடன் பிறக்கும் குழந்தைகள் ஏறத்தாழ இல்லாமல் போயினர்.

"மைனர் என்று தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாதே" என்னும் அச்சத்தை நாங்கள் எளிதாகத் தள்ளிவிடவில்லை. அது உண்மையான அச்சம். பெண்ணுக்கு மட்டும் பரிசோதனை செய்யும் வழக்கமே அதை வளர்க்கிறது. மாப்பிள்ளைக்கும் செய்தால் அச்சத்தில் பாதி போய்விடும். ஒருவர் மைனராகவும் மற்றவர் இயல்பாகவும் இருந்தால் அத்திருமணத்தில் முழுநோய்க் குழந்தை பிறக்காது. அறிக்கையை உரியவரிடம் மட்டுமே தருகிறோம். உடன் வந்த பெரியப்பாவிடம்கூடத் தருவதில்லை. இருவரும் மைனர் என்பது திருமணத்துக்குப் பின் தெரியவந்தால், கருவுற்ற 11 முதல் 14 வாரத்துக்குள் கருவின் திசுவைப் பரிசோதிக்கலாம். அதன் பின் என்ன செய்வது என்பது அத்தம்பதியரின் முடிவு. அந்த முடிவுக்கு நேரம் இருக்க வேண்டுமானால், கர்ப்பம் உறுதியான முதல் வருகையிலேயே இரத்தம் எடுக்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் அன்று.

2023 ஜூலை முதல் நாளில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்பு இயக்கம் பழங்குடி மக்கள் மிகுந்த பகுதிகளில் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்கும் இலக்குடையது. நல்ல பணி. ஆனால் தலசீமியா மலையடிவாரத்தில் நின்றுவிடுவதில்லை. ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் எடப்பாடியிலும் கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரைப் பரிசோதனை போலவே இதையும் வழக்கமாக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

அதற்குக் காத்திராமல் இப்போதே தொடங்கலாம். அடுத்தமுறை குழந்தைக்கு இரத்தம் ஏற்ற வரும்போது, திருமண வயதில் இருக்கும் சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி யாரேனும் ஒருவரையாவது உடன் அழைத்து வாருங்கள். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. ஒரு சிறு குழாய் இரத்தம் போதும். மூன்று மாதத்துக்குள் அவர்களுக்கு இரத்தம் ஏற்றியிருந்தால் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், முடிவு மாறிக் காட்டும். குழந்தையின் உடன்பிறந்தவர்கள் வந்தால் திசுப் பொருத்தத்துக்கான மாதிரியையும் அன்றே எடுத்துக்கொள்வோம்.